உப்புக் காத்து மேல பழியைப் போட்டுட்டாங்க: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் இருக்குற புள்ளைங்களுக்காக இதை எழுதுறேன். கடை பேரைப் போடல, புகார் கொடுத்திருக்கேன். நடந்ததை மட்டும் சொல்றேன்.

எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல மூணு தெருதான். தம்பி பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். 2021-ல அவனுக்கு 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தேன். ஏதோ ஆபீஸ்ல கழிச்சுவிட்டது. ஐ5 3470 பிராசசர், 4 ஜிபி ரேம் ரெண்டு. கேம் படத்தைத் திரையில வரையுற தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படிப்புக்கு அது போதும், ஆனா ஜிடிஏ 5 கேம் போட்டா நின்னு நின்னுதான் ஓடும்.

"காக்கா, நானே சம்பாதிச்சு கார்டு வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டு (எங்க பக்கம் அண்ணனைக் 'காக்கா'ன்னுதான் கூப்பிடுவோம்), மே மாச லீவுல மண்டபத்துல மாமி வீட்டுல தங்கி ஒரு நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுல வர்ற நண்டை எடை போட்டு, தரம் பிரிச்சு, ஐஸ் போட்டு அடுக்கணும். ஊருக்கு வந்தப்ப அவன் கையைப் பார்த்தேன். விரல் முழுக்க நண்டுக்கால் கிழிச்ச கோடு, அதுல ஐஸ் தண்ணி பட்டு வெளுத்துப் போயிருந்துச்சு. 12,000 ரூபாயை உம்மா கையில கொடுத்து, அதுல 1,000-ஐ வீட்டுக்கு வச்சுக்கச் சொன்னான். மிச்சம் 11,000. அந்தக் காசுதான் போச்சு.

ராமநாதபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் கடை. "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, ரீஃபர்பிஷ்டு, 6,500"னு கடைக்காரர் சொன்னாரு. என்விடியா கம்பெனி கார்டு, பழசைச் சரிபண்ணி விக்கிறதுன்னு அர்த்தம். பழைய கார்டுக்கு நியாயமான விலையாத்தான் பட்டுச்சு. கூடவே "உங்க பழைய எஸ்எம்பிஎஸ் இந்தக் கார்டைத் தாங்காது பாய்"னு புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்குற பெட்டி) ஒண்ணுக்கு 1,800. ரேமை 16 ஜிபி ஆக்குறதுக்கு 1,700. மாட்டுறதுக்கு 500. மொத்தம் 10,500 ஜிபே பண்ணினோம். கார்டை மாட்டி, திரையில பேரைக் காட்டி, கார்டை இயக்குற டிரைவர் மென்பொருள் போட்ட ஒரு பென் டிரைவையும் கொடுத்து, "டிரைவர் இதுல இருக்கு. இதையே போடுங்க, நெட்ல இருந்து அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க"ன்னாரு. அந்த வார்த்தையிலேயே நான் முழிச்சிருக்கணும். நல்ல கார்டு விக்கிறவன் எவனும் அப்டேட் பண்ணாதேன்னு சொல்லமாட்டான்.

வீட்டுக்கு வந்து கேமைப் போட்டா கொஞ்ச நேரம் ஓடுது. நகரத்துக்குள்ள வண்டியை விட்டதும் திரை கறுப்பாகி வெளிய தள்ளுது. தம்பி செட்டிங்ஸைக் குறைச்சுக் குறைச்சுப் பார்த்தான். மூணாம் நாள் என்விடியா தளத்துல இருந்து புது டிரைவரை இறக்கினான். 'இந்தக் கம்ப்யூட்டர்ல பொருத்தமான கார்டு எதுவும் இல்ல'ன்னு வந்துச்சு. டிவைஸ் மேனேஜர்ல 1050 டிஐ-ன்னு பேர் இருக்கு, அதைச் செஞ்ச கம்பெனியோட டிரைவரே அப்படி ஒரு கார்டு இல்லங்குது.

அப்புறம்தான் ஜிபியு-இசட் போட்டேன். கார்டுக்குள்ள நெசமா என்ன சிப் இருக்குன்னு காட்டுற இலவச மென்பொருள், சின்னது. 2018-ல வந்த பதிப்புல இருந்தே போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடிக்கும். திறந்ததும் கார்டு பேருக்கு முன்னாடி 'ஃபேக்'. சிப் ஜிஎஃப்116, 40 நானோமீட்டர் (இந்த எண் குறைஞ்சா புது வகை சிப்), 192 ஷேடர் (படத்தை வரையுற குட்டி யூனிட்). அசல் 1050 டிஐ-ல இருக்குறது ஜிபி107 சிப், 14 நானோமீட்டர், 768 ஷேடர். எங்க கையில இருந்தது 2011-ல வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ வகையறா. கார்டுக்குள்ள பதிஞ்சிருக்குற பயாஸ்ங்கிற புரோகிராம்ல பேரையும் மெமரி அளவையும் மாத்தி எழுதிடுறாங்க. 4 ஜிபி-ன்னு காட்டும், உள்ள அவ்வளவு இருக்காது. கேம் உண்மையான அளவைத் தாண்டிக் கேக்குறப்ப திரை கறுத்துடும். ஃபெர்மிங்கிற அந்தப் பழைய வகைக்கு புது கேம் டிரைவர் கொடுக்குறதை என்விடியா 2018 ஏப்ரல்லயே நிறுத்திடுச்சு. அதுக்குத்தான் அந்தப் பென் டிரைவ்.

ரேம் விஷயம் அதைவிட வயிறெரிச்சல். 16 ஜிபி பேசினோம். டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா 8 தான், நாலு ஸ்லாட்ல ஒண்ணு மட்டும் நிறைஞ்சிருக்கு, வேகம் 1333. ஏற்கனவே ஜோடியா, ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யுற டூயல் சேனல்ல 1600-ல ஓடிக்கிட்டிருந்த ரெண்டு 4 ஜிபி-யையும் உருவிட்டு, ஒத்தை 8 ஜிபி-யைச் சொருகியிருக்காங்க. 1,700 ரூபாய் கொடுத்து, இருந்த வேகத்தையும் இழந்தோம். கேபினட்டைத் திறந்தப்ப நாங்க டீ குடிக்கப் போயிருந்தோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு.

அஞ்சாம் நாள் கார்டோட போய் நின்னோம். ஜிபியு-இசட் படத்தைக் காட்டினதும் ஃபோனை ஒதுக்கித் தள்ளிட்டு, கார்டைத் திருப்பி, விஜிஏ போர்ட் (மானிட்டர் வயரைச் சொருகுற பழைய வகை இடம்) பக்கத்துல இருக்குற திருகைக் காட்டினாரு. பச்சைக் களிம்பு. "பாய், நீங்க கீழக்கரைதானே? கடக்கரை வீட்டுல உப்புக் காத்து பட்டா எந்தக் கார்டும் போயிடும். இதுக்கு வாரண்டி கிடையாது."

இதைக் கேட்டதும் உள்ளூர் ஆளுங்க பாதிப்பேர் தலையாட்டிட்டு வந்துருவோம். ஏன்னா பொய்யில பாதி நெசம். எங்க வீட்டு ஜன்னல் கம்பி, ஃபேன் ஊக்கு, கிரைண்டர் திருகு எல்லாத்தையும் உப்புக் காத்து தின்னுருக்கு. ஆனா அது எவ்வளவு நாள் எடுத்துக்கும்னும் எங்களுக்குத் தெரியும். கேபினட்டோட பின்பக்கத் திருகு நாலு வருஷத்துல பழுப்பேறியிருக்கு, அவ்வளவுதான். மூடின பெட்டிக்குள்ள அஞ்சே நாள்ல பச்சைக் களிம்பு பூக்குமா? அதோட அந்தக் களிம்பு மேல புதுசா கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்துச்சு. நகத்தால சுரண்டினா பெயின்ட் உரிஞ்சு, கீழ பச்சை. களிம்பு முதல்ல, பெயின்ட் அப்புறம். உப்புக் காத்து இரும்பைத் தின்னும், ஆனா 1050 டிஐ-யை 550 டிஐ ஆக்காது. இதைச் சொன்னதுக்கு அவர் பதில் சொல்லல, அடுத்த ஆளுக்கு பில் போடப் போயிட்டாரு.

எங்களுக்குப் போட்டது பில்லே இல்ல. எஸ்டிமேட்டுன்னு அச்சடிச்ச துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்ல, சீரியல் நம்பர் இல்ல, 1050 டிஐ-ங்கிற பேர்கூட இல்ல. 'விஜிஏ கார்டு 6500'ன்னு மட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினப்ப முதல்ல கேட்டதே பில்தான். சீட்டையும் ஜிபே படத்தையும் வச்சுப் புகார் பதிஞ்சிருக்கேன். சரிவரலைன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்னை எழுந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதுவரைக்கும் ரெண்டு தடவை அலைஞ்சதுல திரும்ப வந்தது ரேமுக்கான 1,700 மட்டும். எங்க பழைய ரேம் ரெண்டும் "வித்துப்போச்சு"ன்னுட்டாங்க.

வாங்கப் போறவங்க முதல்ல கார்டோட பின்பக்கத்தைப் பாருங்க. 1050 டிஐ-ல நீலக்கலர் விஜிஏ போர்ட் வரவே வராது, அந்தத் தலைமுறையிலேயே அதை எடுத்துட்டாங்க. விஜிஏ இருந்தா வேற பேச்சே வேணாம், திரும்பி வந்துருங்க. அடுத்தது கரன்ட். அசல் கார்டு 75 வாட்ஸ்தான் இழுக்கும், மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துரும். ஒருசில மாடல்ல தனியா 6 பின் வயர் வரும், அதனால வயர் இருந்தாலே போலின்னு சொல்லல. ஆனா 'எஸ்எம்பிஎஸ் மாத்தியே ஆகணும்'னு பேச ஆரம்பிச்சா ஏன்னு கேளுங்க. எங்களுக்கு அந்த 1,800 ஏன் போச்சுன்னா, உள்ள இருந்த பழைய சிப் 100 வாட்ஸுக்கு மேல தின்னுச்சு.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி, கடைக்காரர் கண்ணு முன்னாடியே ஜிபியு-இசட்டை ஓடவிடச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை. முகம் சுளிச்சா அந்தக் கடை வேணாம். பில்லுல மாடல் பேரும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க. கேபினட் திறந்திருக்குறப்ப டீக்குப் போகாதீங்க.

தம்பிக்கு ஆன்லைன்ல 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ரெண்டு வாங்கி ஜோடியா மாட்டிட்டேன். கார்டு இன்னும் வாங்கல. "அடுத்த லீவுல பார்த்துக்கலாம் காக்கா"ங்கிறான். அந்தப் போலி கார்டை பெயின்ட் சுரண்டின பக்கம் தெரியுற மாதிரி கவர்ல போட்டு, புகாருக்காக வச்சிருக்கேன்.

ஜிபியு-இசட் ஏத்தின பென் டிரைவ் ஒண்ணு என்கிட்ட இருக்கு. கீழக்கரையைச் சுத்தி யாராவது கார்டு வாங்கப் போறீங்கன்னா முதல் நாளே சொல்லுங்க, கொடுத்து விடுறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம்னா நானே கூட வர்றேன்.