தண்டர்போல்ட்டா, ஐஸ் பீமா?

கோவைக் கல்லூரி விடுதிகளில் போகிமான் (கற்பனை உயிரினங்களின் அணிகள் மோதும் வீடியோ கேம்) ஆடுகிறவர்களை இரு கட்சியாக்கும் கேள்வி இது: நம் அணியின் ஸ்டார்மீ என்ற உயிரினத்துக்கு எதிரே கியாரடோஸ் நிற்க, எதிராளியின் அணியில் கார்சோம்ப் காத்திருந்தால், கண்ணெதிரே நிற்பதை அடிப்பதா, அடுத்து உள்ளே வரப்போவதைக் கணித்து அடிப்பதா?

தண்டர்போல்ட் என்ற மின் தாக்குதல், ஐஸ் பீம் என்ற பனித் தாக்குதல் இரண்டுக்கும் விசை 90, துல்லியம் 100 என்பதால் அதில் வேறுபாடில்லை. எதிரே இருப்பது யார் என்பதைப் பொறுத்து விளையும் சேதத்தில்தான் வேறுபாடு:

கியாரடோஸ் நின்றால்: தண்டர்போல்ட் 4 மடங்கு, ஐஸ் பீம் 1 மடங்கு.
கார்சோம்ப் வந்தால்: தண்டர்போல்ட் 0, ஐஸ் பீம் 4 மடங்கு.

தண்டர்போல்ட்டே பத்திரமான ஆட்டம் என்று பலரும் சொல்கிறார்கள். முற்றிலும் வீணாகக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஐஸ் பீமைத் தேர்ந்து கணிப்புத் தவறினால், பிழைத்து நிற்கும் கியாரடோஸ் டிராகன் டான்ஸ் ஆடித் தன் தாக்கும் வலிமையையும் வேகத்தையும் ஒருங்கே 1.5 மடங்காக்கிக்கொள்ளக்கூடும், அதன்பின் அதை அடக்குவது பெரும்பாடு.

ஆகவே, கியாரடோஸை அடக்க அணியில் வேறு ஆள் இல்லாதவர் தண்டர்போல்ட்டையும், கார்சோம்ப் ஒன்றையே வெற்றிக்குத் தடையாகக் காண்பவர் ஐஸ் பீமையும் தேர்வது தகும். ஒரே அறை நண்பரோடு திரும்பத் திரும்ப ஆடுகிறவர் மட்டும் இரண்டையும் கலந்தே ஆட வேண்டும். எப்போதும் ஒன்றையே அடிப்பவரின் மனத்தை அந்த நண்பர் விரைவிலேயே படித்துவிடுவார்.