பழைய ஃபைஃப்: மஞ்சள் பாக்ஸ்வுட்டா, கறுத்த க்ளூஸா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) படையோடு நடந்த ஃபைஃப், பார்க்க எளிய குழல்தான். ஆறு விரல்துளை, ஓர் ஊதுதுளை, இரு முனையிலும் பூண். நம் மூங்கிலுக்கு உட்குழிவை இயற்கையே கொடுத்துவிடுகிறது. ஃபைஃப் செய்பவரோ கெட்டி மரத்தை நீளவாக்கில் துளைத்தாக வேண்டும். எந்த மரம், யார் கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நியூயார்க்கில் எட்வர்ட் ரைலி குழல் செய்தார். அவர் மருமகன்கள் ஜான் ஃபர்த்தும் வில்லியம் ஹாலும் தொழிலைத் தொடர்ந்தார்கள். (பின்னாளில் ஃபர்த், பாண்ட் நிறுவனம் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாடல்களையும் அச்சிட்டது. குழலும் பாட்டும் ஒரே கடையில்!) அந்தத் தலைமுறைக் குழல்களில் பாக்ஸ்வுட் என்ற வெளிர்மஞ்சள் மரம் தனி அழகு. தேன் நிறம், கடைசலில் பிசிறே வராத நெருக்கமான இழை. ஆனால் மூச்சின் ஈரம் குடித்துக் குடித்து வளைந்துவிடும். மேசையில் உருட்டிப் பாருங்கள், நொண்டி நொண்டி ஓடும்.

புரூக்ளினின் ஜார்ஜ் க்ளூஸ் செய்தவை வேறு ரகம். ரோஸ்வுட் (ஈட்டி) போன்ற கறுத்த, கனத்த மரம். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரம் எளிதில் ஏறாது. மேல் ஸ்தாயியில் கூர்மையாகப் பேசும்; ஃபைஃபுக்கு வேலையே அங்கேதான். வளையாது, ஆனால் பிளக்கும். ஊதுதுளையிலிருந்து பூண் வரை மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பூண் ஆடினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது.

இரண்டுக்கும் பொதுக் குறை, ஒரே துண்டு. சுருதியை ஏற்றி இறக்க வழியில்லை. பத்துப் பேர் வரிசையில் நின்று ஊதினால் சுருதிகள் உரசும். 20ஆம் நூற்றாண்டில் வந்த மெக்டோனா மாதிரியின் இரு துண்டு அமைப்பு அதைத் தீர்த்தது. குழுவில் வாசிக்க அதுவே போதும். பழசைத் தேட வேண்டாம்.

கடல்கடந்து வாங்குவோருக்கு ஒன்று. ஈட்டி மரப் பேரினம் முழுவதும் 2017இல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முழுமையான இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

என் காசு விரிசலில்லாத க்ளூஸுக்குத்தான். பாக்ஸ்வுட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்து ரசிக்கலாம். எதை வாங்கினாலும் அன்றே ஆசை தீர ஊதிவிடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம், உட்புறம் மட்டும் திடீரென ஊறினால் வெடிக்கும். முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடம். முடித்ததும் துணி சுற்றிய குச்சியால் உள்ளே துடைத்துவிடுங்கள்.