முன்கண்ணாடியும் இன்சூரன்ஸும்: ஒன்பது வருட அனுபவம்

ஒன்பது வருடங்களில் இரண்டு கார்கள், மூன்று பாலிசிகள். இதற்குள் ஒருமுறை முன்கண்ணாடியைக் கைக்காசு போட்டு மாற்றினேன். ஒருமுறை கல்லடி பட்ட இடத்தை மட்டும் இன்சூரன்ஸில் சரி செய்தேன். ஒருமுறை முழுக் கண்ணாடியையும் கிளெய்மில் மாற்றினேன். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன.

முன்கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டதால்தான் முதல் தடவை முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. கேட்க வேண்டியவை வேறு. பாலிசியின் எந்தப் பிரிவில் உண்டு? அதில் என் பங்கு எவ்வளவு? கண்ணாடியோடு சேர்ந்து வரும் மற்றச் செலவுகளுக்கும் உண்டா?

முதல் சம்பவத்தைச் சொல்கிறேன். முன்னால் போன லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்து ‘டக்’ என்று விழுந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்கு எதிரே, விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, மிளகு அளவில் ஒரு குழி. அதிலிருந்து மூன்று மெல்லிய கால்கள் கிளம்பியிருந்தன. நகத்தால் தடவினால் மாட்டியது. உள்பக்கம் வழவழப்பாகவே இருந்தது. சரி, ஒன்றும் ஆகவில்லை என்று மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு மதியம், வெயிலில் நின்றிருந்த காரில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கால் தலைமுடி போல நீண்டது. சத்தம்கூட இல்லை. மறுநாள் காலையில் கோடு ஓட்டுநர் பக்கம் வரை வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். முன்கண்ணாடி என்பது ஒற்றைத் தகடு அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. படலம் பொதுவாக 0.76 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 1903இல் எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் இருந்ததாம். உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்து பிறந்த யோசனைதான் இன்று நம் கண்முன் இருக்கும் கண்ணாடி. கல் பட்டால் வெளித்தகடு மட்டும் விரிசல் விடும். உள்ளே குளிர்ச்சி, வெளியே கொதிப்பு என்றால் கண்ணாடி ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் விரியும். அந்த இழுப்பு முழுவதும் விரிசலின் நுனியில் போய்க் குவியும். பக்கவாட்டு ஜன்னல்கள் பெரும்பாலான கார்களில் வேறு வகை. அவை உடைந்தால் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும், பழுது பார்க்கவே முடியாது. பாலிசியில் ‘கண்ணாடி’ என்று பொதுவாக எழுதியிருக்கிறதா, ‘முன்கண்ணாடி’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கிளெய்ம் கேட்டுப் போனேன். என்னிடம் இருந்தது முழுப் பாலிசிதான். எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும் தேர்டு பார்ட்டி பாலிசியாக இருந்தால் பேச்சே இல்லை, சொந்தக் கண்ணாடிக்குக் காலணா வராது. ஆனால் முழுப் பாலிசியிலும் டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நாம் போட வேண்டிய தொகை. பிரீமியம் குறையுமே என்று பாலிசி எடுக்கும்போது அதை நான் நன்றாக உயர்த்தி வைத்திருந்தேன். கண்ணாடி மாற்றும் செலவு அந்தத் தொகையைத் தாண்டவே இல்லை. இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டியது பூஜ்யம்.

அதைவிட வருத்தப்பட வைத்தது அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது நடந்தது. ஒரு பைசாகூட வாங்காத அந்த விசாரணையும் என் கணக்கில் ஒரு கிளெய்மாகப் பதிவாகியிருந்தது. நான் சேதத்தைப் பற்றிச் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர் கிளெய்ம் எண்ணைத் திறந்துவிட்டிருக்கிறார். அதை நீக்க நான்கு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. முதலில் ஒர்க்‌ஷாப்பில் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவேன். அதை டிடக்டிபிளோடு ஒப்பிடுவேன். அப்புறம் இன்சூரன்ஸுக்குப் போன் செய்தால், ‘நான் கிளெய்ம் போடவில்லை, விதியை மட்டும் கேட்கிறேன்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் கிளெய்ம் போடுவதென்று முடிவாகிவிட்டால் தாமதிக்கக் கூடாது. அவர்களுக்குத் தெரிவித்து அனுமதி வருவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றினால், பார்க்க சேதமே இல்லை என்று கைவிரிக்க வழி உண்டு. போட்டோ எடுங்கள். காருக்கு வெளியே நின்று ஒன்று, விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஒன்று, நம்பர் பிளேட்டோடு ஒன்று.

இரண்டாவது பாலிசியில் கண்ணாடிக்கென்று தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு சேர்க்கும் பாதுகாப்பு, சேர்த்தேன். பிரீமியத்தில் கூடியது சொற்பம். அடுத்த கல் பட்டதும் அன்றைக்கே ஒரு துண்டு ஒளிபுகும் செல்லோ டேப்பை மேலே ஒட்டினேன். தூசியும் ஈரமும் குழிக்குள் போகாமல் இருக்கத்தான் அது. அழுக்கு புகுந்துவிட்டால், குழியை நிரப்பும் ரெசின் என்ற பிசின் சரியாகப் பிடிக்காது. பழுது பார்ப்பவர் குழியின் மேல் ஒரு சின்னக் குழாயைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி, ரெசினை அழுத்தி இறக்கி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைத்தார். மொத்தம் அரை மணி நேரம்தான். டிடக்டிபிள் எதுவும் கட்டவில்லை. பல நிறுவனங்கள் மாற்றுவதற்கு மட்டும் டிடக்டிபிளைப் பிடித்து, பழுதுக்கு அதைத் தள்ளுபடி செய்கின்றன. கண்ணாடி முழுதாகப் போவதைவிட அவர்களுக்கும் அது மலிவு. சரி செய்த இடம் முழுவதும் மறையவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் தண்ணீர்த் துளி காய்ந்த தடம் போல ஒரு மங்கல் தெரிந்தது. ஆனால் நான்கு வருடம் அந்த இடத்திலிருந்து ஒரு கோடுகூட நகரவில்லை. பயன்பாட்டில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இதுதான். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் பட்ட அடிக்கும், விளிம்பை ஒட்டிய அடிக்கும் இந்த வழி பெரும்பாலும் ஒத்துவராது. அங்கே மாற்றத்தான் வேண்டும்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நண்பர் ஒருவரின் அனுபவத்தைக் கேட்டு அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அமெரிக்காவில் தெறித்து வரும் கல் மோதல் பிரிவில் வராது, மோதல் அல்லாத சேதங்களுக்கான காம்ப்ரிஹென்சிவ் பிரிவில் வரும். அங்கே புளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா ஆகிய மாநிலங்களில் அந்தப் பிரிவு வைத்திருப்பவரிடம் முன்கண்ணாடிக்கு டிடக்டிபிள் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மலேசியாவில் கண்ணாடிக்கு ஆட்-ஆன் தனியாக வாங்க வேண்டும், அதில் கிளெய்ம் போட்டாலும், கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் தள்ளுபடி போகாது. இந்தியாவில் கண்ணாடி சொந்தச் சேதப் பிரிவிலேயே அடங்கும், காரின் வயதைப் பார்த்துத் தேய்மானம் என்று எதையும் கழிப்பதில்லை. ஆனால் கூடவே மாற்றும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் 50 சதவீதம் கழிப்பார்கள். ஒரு கிளெய்ம் போட்டால், அதைக் காக்கும் ஆட்-ஆன் இல்லாதவருக்கு, 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் தள்ளுபடியும் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாமல் 50 சதவீதத்தில் நிற்பவர், பழைய மாடல் காரின் சாதாரணக் கண்ணாடிக்காக அதை இழப்பது நஷ்டம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

இனி மூன்றாவது. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இப்போது வரும் கார்களில் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது காரில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உண்டு. தடம் மாறினால் எச்சரிப்பதும், முன்னால் வண்டி நின்றால் தானாக பிரேக் போடுவதும் அதை வைத்துத்தான். ஒரு நாள் கல் பட்டு நேரே ஓட்டுநர் பார்வையில் நட்சத்திரம் போல உடைந்தது. மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆட்-ஆன் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போனேன். மதிப்பீட்டுத் தாளில் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: கேமரா கேலிபரேஷன், அதாவது கேமராவின் பார்வையை அளந்து மறுபடி சரியாக அமைப்பது. அந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்துப் போனேன். இன்சூரன்ஸில் கேட்டால், ஆட்-ஆன் கண்ணாடிக்குத்தான், கேமரா சேதமாகவில்லையே என்றார்கள்.

கேமரா சேதமாகவில்லை, உண்மைதான். ஆனால் அது பார்ப்பது கண்ணாடி வழியாக. புதுக் கண்ணாடியின் வளைவிலோ, தாங்கியின் இருப்பிலோ இம்மியளவு வித்தியாசம் வந்தாலும் பார்வை திரும்பிவிடும். ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டர் தொலைவில் அது சுமார் 1.75 மீட்டர் விலகல். பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியை நம் தடத்தில் போவதாக நினைக்க அது போதும். அதனால்தான் சமதளத்தில் காரை நிறுத்தி, குறித்த தொலைவில் கட்டம் போட்ட பலகையை வைத்து ஒரு முறையும், சில மாடல்களில் கருவியை இணைத்துச் சாலையில் ஓட்டி இன்னொரு முறையும் சரிபார்க்கிறார்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் காரை எடுத்துப் போகலாமா என்று நான்கூட ஒரு நிமிடம் யோசித்தேன். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்து வரும் வண்டி. மனம் வரவில்லை.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டேன். கார் தயாரிப்பாளரின் சர்வீஸ் குறிப்பில், கண்ணாடி மாற்றினால் கேலிபரேஷன் கட்டாயம் என்று இருந்த பக்கத்தை இணைத்தேன். பாலிசியில், சேதத்துக்கு முன் இருந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு என்று இருந்த வாக்கியத்தைச் சுட்டிக் காட்டினேன். பதினோரு நாள் கழித்து ஒப்புதல் வந்தது. ஒர்க்‌ஷாப் பில்லில் அந்த வேலை தனி வரியாக, அளவீட்டுச் சான்றோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பில்லை மொத்தமாக ஒரே தொகையாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது.

கண்ணாடியின் தரத்திலும் கண் வைக்க வேண்டியிருந்தது. முதலில் அவர்கள் கொண்டுவந்த கண்ணாடியில் சத்தத்தைக் குறைக்கும் படலம் இல்லை. கீழ் மூலையில் இருக்கும் சிறு முத்திரையைப் பழையதோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். தயாரிப்பாளர் பெயர், தர எண், கண்ணாடியின் வகை எல்லாம் அங்கே பொறித்திருக்கும். வேகம் கண்ணாடியிலேயே தெரியும் கார்களில் நடுப் படலம் ஆப்பு போல ஒரு பக்கம் தடித்திருக்கும். அது இல்லாத கண்ணாடியைப் போட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும். பாலிசியில் ‘அதே வகை, அதே தரம்’ என்று இருந்தால் கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாத கண்ணாடியையும் போடலாம் என்று அர்த்தம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழையதில் இருந்த வசதிகள் எல்லாம் இருந்தாக வேண்டும். அன்று திருப்பி அனுப்பி, சரியான கண்ணாடிக்காக ஆறு நாள் காத்திருந்தேன்.

பொருத்திய அன்று உடனே வண்டியை எடுக்க விடவில்லை. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கும் யூரித்தேன் பசை இறுக நேரம் வேண்டும். பசையின் வகையையும் அன்றைய சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம். கூரைக்கு முட்டுக் கொடுப்பதும், பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முதுகு கொடுத்துத் தாங்குவதும் இதே கண்ணாடிதான். அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து வேகமாகப் போகும்போது மேல் வலது மூலையில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அடுத்த மழையில், உள்ளே தூணின் பிளாஸ்டிக் உறை வழியாக ஒரு சொட்டு நீர் இறங்கி என் முழங்காலில் விழுந்தது. இதற்கு இன்சூரன்ஸ் பொறுப்பல்ல, பொருத்தியவரின் வேலை உத்தரவாதம்தான் பொறுப்பு. அந்த உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கி வைத்திருந்ததால் மறுபேச்சு இல்லாமல் கழற்றித் திரும்ப ஒட்டினார்கள், கேலிபரேஷனையும் மறுபடி செய்து கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு சொட்டுகூட இல்லை.

இப்போது அந்தக் கண்ணாடியில் மணல் துகள்கள் பட்டுப் பட்டு நுண்ணிய குழிகள் வந்துவிட்டன. இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டால் மினுமினுக்கிறது. இது தேய்மானக் கணக்கில் போகும், எந்த ஆட்-ஆனிலும் வராது என்பதால் மாற்றும்போது கைக்காசுதான். வைப்பர் ரப்பரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட விடுவதில்லை. போன மாதம் பாலிசியைப் புதுப்பித்தபோது ‘கேலிபரேஷன் உட்பட’ என்ற சொல்லை ஆட்-ஆனில் எழுத்தில் சேர்த்துத் தருபவரிடம் மாறினேன். பிரீமியம் கொஞ்சம் கூடுதல்தான்.