மேனேஜர் ஆவதா, கோடிங்கிலேயே இருப்பதா?

சாஃப்ட்வேர் வேலையில் பதவி உயர்வு வரும்போது பலரும் குழம்புவது இங்கேதான்.

நேரம்: கோடிங்கில் இரண்டு மணி நேரம் இடையூறில்லாமல் கிடைத்தால் சிக்கலான பக் (புரோகிராமில் உள்ள பிழை) ஒன்று பிடிபட்டுவிடும். மேனேஜருக்கு அது கனவு. மீட்டிங்குக்கு நடுவில் யாராவது "ஒரு நிமிஷம்" என்று வந்து நிற்பார், அன்றைய உண்மையான வேலையே அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கும்.

பலன்: எழுதிய புரோகிராம் சரியா என்று டெஸ்ட் உடனே சொல்லிவிடும். ஒருவரை வளர்த்துவிட்டோமா என்பது தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

புதுமை: யோசனையை நீங்களே செய்துபார்க்க கோடிங். அதற்கு ஆளும் அவகாசமும் வாங்கித்தர மேனேஜர்.

வீடு: ராத்திரி போன் இரண்டிலும் வரும்.

அடுத்தவர் ஜெயித்தால் சந்தோஷப்படுகிறவர் மேனேஜர் ஆகலாம். சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். பல கம்பெனிகளில் மேனேஜர் ஆகாமலே உயர ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று தனி ஏணி இருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள்.