நாள்தோறும் மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா? மனச்சிதைவு உள்ள பிள்ளையின் பெற்றோர் பார்வையில்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து தேவை என்று முடிவான பிறகு, அதை நாள்தோறும் மாத்திரையாகக் கொடுப்பதா, மாதம் ஒரு முறை ஊசியாகப் போடுவதா என்ற கேள்வி பல பெற்றோரிடம் தாமதமாகவே வந்து சேர்கிறது. எங்களுக்கும் அப்படித்தான். இருபதுகளில் இருக்கும் எங்கள் மகன், மாத்திரையில் பல காலம் இருந்துவிட்டு, இப்போது பாலிபெரிடோன் என்ற மருந்தின் மாத ஊசியில் இருக்கிறான். ஆகவே என் சாய்வு ஊசியின் பக்கம்தான்.

மாத்திரைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். அளவைக் கூட்டவும் குறைக்கவும், ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தவும் எளிது. ஊசியில் சென்ற மருந்தை உடலிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை. பக்க விளைவு வந்தால் வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அதனால்தான் அதே மருந்தையோ அதற்கு நெருங்கிய ஒன்றையோ முதலில் மாத்திரையாகக் கொடுத்து உடல் ஏற்கிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வகை ஊசிகள் பெரும்பாலும் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே அனுமதிக்கப்பட்டவை என்பதால், சிறு வயதில் நோய் தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கு மாத்திரையே நடைமுறை வழி. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்குத் தரப்படும் குளோசபின் நீண்டநாள் ஊசியாகக் கிடைப்பதில்லை. எடை, சர்க்கரை, கை நடுக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு இரண்டிலும் ஒன்றே.

என் கணக்கில் தேர்வைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: மருந்து தவறிப்போனால் அது யாருக்கு, எப்போது தெரியும் என்பது. தனக்கு நோய் இருப்பதையே உணர முடியாமல் போவது இந்நோயின் இயல்புகளில் ஒன்று. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயில்லை என்று நம்புகிறவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புவதில் அவரளவில் நியாயம் இருக்கிறது. நிறுத்திய மறுநாளே எதுவும் நடந்துவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். வாரங்களோ மாதங்களோ கழிந்து, தூக்கம் கெட்டு, சந்தேகம் பேச்சில் ஏறிய பிறகே வீட்டுக்குத் தெரியவரும். அதற்குள் பிள்ளையோடு பேசிப் புரியவைக்கும் கட்டம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். முதன்முறை நோய் கண்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது.

ஊசியில் தவறு மறைந்திருக்க முடியாது. குறித்த நாளில் வராவிட்டால் அன்றே மருத்துவமனைக்குத் தெரியும். முந்தைய ஊசியின் மருந்து உடலில் படிப்படியாகவே குறைவதால், பேசி அழைத்துச் செல்ல அவகாசமும் இருக்கிறது. எங்கள் மகன் போட்டுக்கொள்ளும் ஊசியில், தொடக்கக் கட்டம் கடந்த பின், குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பின் இடமுண்டு. இன்னொரு பயன் குறைவாகவே பேசப்படுகிறது. ஊசி ஒழுங்காகப் போட்டும் நோய் தலைதூக்கினால், மாத்திரையை விழுங்கினானா இல்லையா என்ற வாதத்துக்கு இடமே இல்லாமல், அளவு போதவில்லையா, மருந்தே மாற வேண்டுமா என்று மருத்துவர் நேராகப் பார்க்க முடிகிறது.

வீட்டில் இது தரும் மாற்றத்தை எந்த ஆய்வும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரைக் காலத்தில் பெற்றோர் காவலர்கள் ஆகிவிடுகிறோம். பிள்ளை கொஞ்சம் உரக்கச் சிரித்தாலும், ஒரு நாள் தாமதமாகத் தூங்கினாலும், முதலில் வாயில் வருவது மாத்திரை போட்டாயா என்ற கேள்விதான். அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போன பிறகே, மகனுக்கும் எங்களுக்கும் பேச வேறு விஷயங்கள் இருப்பது தெரிந்தது. மருந்து இப்போது அவனுக்கும் செவிலியருக்கும் இடையிலான காரியம்.

ஆய்வுச் சான்று என் சாய்வுக்கு முழுத் துணை நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபின்லாந்தில் 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஒரே மருந்தை ஊசியாகப் பெற்றவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, மாத்திரையாகப் பெற்றவர்களோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்காக இருந்தது. யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் பலவற்றிலோ வேறுபாடு இவ்வளவு பெரிதாக இல்லை. அத்தகைய சோதனைக்கு இசைந்து வருகிறவர்கள் மாத்திரையையும் ஒழுங்காகப் போடக்கூடியவர்கள் என்பது இதற்கொரு காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை உங்களுக்கு இருந்தால் மாத்திரையே போதும்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. அரிப்பிபிரசோல் மாத ஊசியை வழக்கமான முறையில் தொடங்கினால், முதல் இரண்டு வாரம் மாத்திரையையும் தொடர வேண்டும். ஒலன்சபின் ஊசி போட்ட பின் மூன்று மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். எதுவானாலும், மாத்திரை போடாததற்குத் தண்டனையாக ஊசியைக் காட்டக் கூடாது. எங்கள் மகன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் நோயைப் பற்றிய எங்கள் விளக்கம் அல்ல. தினமும் நாங்கள் கேட்பது நின்றுவிடும் என்பதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு மாறலாம் என்று மருத்துவர் இப்போது சொல்கிறார். அதில் எங்களுக்கு அனுபவம் இல்லை. மாதந்தோறும் ஒரு செவிலியர் அவனைப் பார்த்துப் பேசுவது நின்றுவிடுமே என்று நான் தயங்குகிறேன். மகனுக்கு மாறுவதில்தான் விருப்பம்.