முப்பட்டகமா, சிடியா, பேசின் தண்ணீரா?

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வெள்ளை ஒளிக்குள் நிறங்கள் இருப்பதைக் காட்ட நான்கு வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று.

முப்பட்டகம் எனும் முக்கோணக் கண்ணாடிக் கட்டை தரும் நிறங்கள் தெளிவானவை. ஆனால் பள்ளியில் இருப்பது ஒன்றே ஒன்று. உடைந்துவிடுமோ என்று நானே பிடித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பார்ப்பதோடு சரி.

நியூட்டன் வட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு நிறம் தீட்டிச் சுற்றினால் வெள்ளை தெரியும் என்கிறோம், தெரிவதோ சாம்பல். சாயம் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறதே! சாம்பலைக் காட்டி ‘வெள்ளை’ என்று நோட்டில் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிடி எளிது. ஜூனில் பள்ளி திறக்கும்போதே நமக்கு மழை, ஐப்பசியில் மறுபடியும் மழை. வெயில் இல்லாத அந்த நாட்களில் சிடியும் மொபைல் டார்ச்சும்தான் கைகொடுக்கும். ஆனால் அதில் நிறம் பிரிவது ஒளிவிலகலால், அதாவது கண்ணாடிக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ நுழையும்போது ஒளி வளைவதால் அல்ல; 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் நுண்ணிய தடங்களில் பட்டு ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவால். முப்பட்டகத்தில் அதிகம் வளைவது ஊதா, சிடியில் சிவப்பு. வானவில் பாடத்துக்கு அதைக் காட்டினால் காரணம் தப்பாகப் பதிந்துவிடும்.

என் ஓட்டு பேசின் தண்ணீருக்கு. காலை வெயில் விழும் வராந்தாவில் பேசினை வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தண்ணீருக்குள் சாய்த்து வைக்க வேண்டும். கண்ணாடிக்கும் நீர்ப்பரப்புக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் ஆப்பு வடிவில் நின்று, முப்பட்டகத்தின் வேலையைச் செய்கிறது. திற்பரப்பு அருவிச் சாரலில் வில் தெரிவதும் தண்ணீர் ஒளியை வளைப்பதால்தான். எதிரொளி யார் கண்ணிலும் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கண்ணாடியின் எதிரொளி பட்டு, நிழலில் இருந்த சுவரில் நிறப்பட்டை விழுந்ததும் ஒரு சிறுமி ஆசையில் தண்ணீருக்குள் விரலை விட்டாள். பட்டை கலைந்து வெறும் வெள்ளை வெளிச்சமாக நடுங்கியது. விரலை எடுத்தாள். தண்ணீர் அடங்க அடங்க, ஒரு ஓரத்தில் சிவப்பு, மறு ஓரத்தில் ஊதா.

“சாரே, கலக்கினா வெள்ளை, விட்டா கலரு!”

பிரிந்த நிறங்களை ஒன்றுசேர்த்தால் மறுபடி வெள்ளை வரும் என்று நியூட்டன் 1672இல் எழுதியதும் இதைத்தான். வட்டு சாம்பலாகக் காட்டியதைப் பேசின் வெள்ளையாகவே காட்டிவிட்டது. அன்று மற்ற பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை விரலை விட்ட பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினோம்.