பட்டியலா, அரக்கான் ஆர்மியா, ஐநா காவலா? ரோஹிங்கியாக்கள் ஊர் திரும்பும் வழிகள்

2019 ஆகஸ்ட் 22 அன்று, மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம்கள் தங்கியிருக்கும் வங்கதேசத்து டெக்னாஃப் முகாம் பக்கம் பஸ்களும் லாரிகளும் வந்து காத்துக் கிடந்தன. வங்கதேசம் கொடுத்த பட்டியலில் மியான்மர் பெயர் பார்த்து ஒப்புக்கொண்ட 3,450 பேரை ஏற்றிப்போக. ஒருத்தர்கூட ஏறவில்லை. 2018 நவம்பரிலும் இதே கதைதான்.

இந்தப் பட்டியல் வழிதான் வங்கதேசத்துக்கு வசதி, எதிரே கையெழுத்துப் போட ஒரு அரசு இருக்கிறது. 2025 ஏப்ரலில்கூட 1,80,000 பேர் திரும்பத் தகுதியானவர்கள் என்றது நேப்பிடோவிலுள்ள மியான்மர் ராணுவ அரசு. சரி, எங்கே இறக்கிவிடுவார்கள்? 2024 டிசம்பரில் ரோஹிங்கியாக்களின் ஊரான ராக்கைன் மாநிலத்தின் எல்லை நகர் மவுங்டாவைப் பிடித்ததோடு, வங்கதேச எல்லை முழுக்க ராக்கைன் இனத்தவரின் ஆயுதப் படையான அரக்கான் ஆர்மி கைக்குப் போய்விட்டது. ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை மறுக்கும் 1982 சட்டத்தைத் திருத்த வேண்டிய ராணுவ அரசிடம் மண் இல்லை, மண் வைத்திருப்பவர்களிடம் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் இல்லை.

அப்போ அரக்கான் ஆர்மியோடு பேசலாமா? பேசித்தான் ஆக வேண்டும் என்பேன், கசப்போடு. 2024 ஆகஸ்டில் எல்லையிலுள்ள நாஃப் ஆற்றங்கரையில் வங்கதேசத்துக்குத் தப்பியோட நின்ற ரோஹிங்கியாக்கள் மேல் ட்ரோன் குண்டு விழுந்ததற்கு அவர்கள்மேல்தான் பழி, அவர்கள் மறுக்கிறார்கள். அதே வருஷம் ராணுவம் ரோஹிங்கியா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து அவர்களோடு மோதவிட்டதால் ராக்கைன் மக்களுக்கும் இவர்களுக்கும் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் அறுந்தது.

மூன்றாவது, ஐநா காவலில் பாதுகாப்பு வலயம். 2017இல் அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா ஐநா சபையிலேயே கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதுகாப்பு அவையில் சீனாவும் ரஷ்யாவும் விடாது. விட்டாலும் எனக்குப் பயம் உண்டு: ராக்கைன் தலைநகர் சித்வே அருகே 2012இல் 'தற்காலிகம்' என்று அடைத்த முகாம்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வெளியேற முடியாமல் கிடக்கிறார்கள். வங்கதேசம் அகதிகளைக் குடியேற்றிய பாஷன் சார் தீவைச் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள், அது திரும்பும் வழியே இல்லை.

மூன்றில் ஒன்று என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கு, ஆனால் ஆட்களை அனுப்புவதில் தொடங்கக் கூடாது. முதலில் எந்த ஊர், யார் நிலம், வீட்டு மனை யார் பெயரில் என்று ஊர் ஊராக எழுதி வாங்கணும், ஐநா ஆட்கள் அங்கே தங்கிப் பார்க்கணும். ரேஷனைக் குறைத்துத் துரத்தும் வேலை மட்டும் வேண்டாம். 1978இல் வங்கதேசத்துக்கு ஓடி வந்தவர்களை அப்படித்தான் அனுப்பினார்கள், முகாம்களில் ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

2023 மே மாதம் 20 ரோஹிங்கியாக்களை மவுங்டாவுக்குக் கூட்டிப்போய்ப் புதுக் குடியிருப்பைக் காட்டினார்கள். சொந்த ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், குடியுரிமைக்குப் பதிலாக, அயலாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் வெறுக்கும் தேசியச் சரிபார்ப்பு அட்டைதான்.